ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார்டில் நர்ஸாக இருந்தபோதும் சரி, பிறகு நோயாளிகளின் குறை கேட்கும் மேசைக்கு மாறியபோதும் சரி, என்னிடம் வந்த சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். நோயாளியே கேட்டது குறைவு. கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மகள், கணவர், தம்பி, மருமகள் இவர்கள்தான் கேட்டார்கள். அதிலும் பாதிப் பேர் "இதையெல்லாம் கேட்கலாமா" என்ற தயக்கத்தோடு. தாராளமாகக் கேட்கலாம். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போகிறார், நர்ஸுக்கு டூட்டி மாறுகிறது. இரவும் பகலும் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள்தான். உங்கள் கண்ணில் பட்டது எங்கள் காதுக்கு வந்தால் சிகிச்சை நிச்சயம் மேம்படும்.

கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். மருந்து, அதன் அளவு, ஆபரேஷன் பற்றிய முடிவெல்லாம் உங்கள் நோயாளியைப் பார்க்கும் டாக்டருடையது. அவரிடம் என்ன கேட்பது, எதைக் கவனிப்பது என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

அட்மிட் ஆகப் போறோம். என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

பழைய ரிப்போர்ட்டுகளும் ஸ்கேன்களும் எல்லாரும் எடுத்து வருகிறார்கள். மறந்துவிடுவது மாத்திரைகளைத்தான். வீட்டில் சாப்பிடும் மருந்துகளை அதனதன் அட்டையோடும் பாட்டிலோடும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். சொட்டு மருந்து, இன்சுலின், சத்து மாத்திரை, நாட்டு மருந்து எதையும் விட வேண்டாம். "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை" என்றால் எங்களால் கண்டுபிடிக்க முடியாது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, வலிப்பு மாத்திரை இந்த மூன்றில் ஏதாவது இருந்தால் யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும், அப்போது உடம்புக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் மூன்றும் கட்டாயம் வேண்டும். பல்செட்டை டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்தால் சாப்பாட்டுத் தட்டோடு குப்பைக்குப் போய்விடும். பெயர் எழுதிய டப்பா ஒன்று போதும். நகையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

நான் பக்கத்துல சும்மாதானே உட்கார்ந்திருக்கேன். என்னால என்ன செய்ய முடியும்?

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் போட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "காலை 6.10: வலி என்று எழுந்தார். 6.40: ஊசி போட்டார்கள். 7.30: வலி குறைந்தது, அரை டம்ளர் தண்ணீர் குடித்தார். 9.00: வாந்தி, மஞ்சள் நிறம்." இவ்வளவுதான். டாக்டர் "ராத்திரி எப்படி இருந்தார்?" என்று கேட்கும்போது "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்வதைவிட இந்த நாலு வரி அவருக்கு நூறு மடங்கு உதவும்.

டூட்டி மாறும் நேரத்தில் இந்த நோட்டுக்கு இன்னும் மதிப்பு அதிகம். ஒரு நர்ஸ் அடுத்தவரிடம் பல நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுப் போகும்போதுதான் சின்ன விஷயங்கள் விட்டுப்போகின்றன. புது நர்ஸ் வந்ததும் "சிஸ்டர், மத்தியானம் வாந்தி எடுத்தார், உங்களுக்குச் சொன்னாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வர்றவங்க எல்லாரும் "பேர் என்ன"ன்னு கேட்கிறாங்க. ஃபைலைப் பார்க்க மாட்டாங்களா?

ஃபைலைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே வார்டில் இருப்பது நடக்கும். மருந்து கொடுப்பதற்கு, ரத்தம் எடுப்பதற்கு, ரத்தம் ஏற்றுவதற்கு முன் பெயரோடு இன்னொரு அடையாளத்தையும் (பிறந்த தேதி அல்லது ஆஸ்பத்திரி எண்) சரிபார்க்க வேண்டும் என்பது உலகமெங்கும் உள்ள விதி. "நீங்க இன்னாரா?" என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். அதனால்தான் நோயாளி வாயாலேயே பெயரைச் சொல்லச் சொல்கிறார்கள்.

கை வளையத்தைக் கழற்றாதீர்கள். யாராவது கேட்காமல் ஊசியோடு வந்தால் பெயரை நீங்களே சொல்லி, "இது என்ன மருந்து சிஸ்டர்?" என்று கேளுங்கள்.

கையைக் கழுவிட்டுத் தொடுங்கன்னு நர்ஸ்கிட்டயும் டாக்டர்கிட்டயும் எப்படிச் சொல்றது? கோவிச்சுக்க மாட்டாங்களா?

முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். இருந்தாலும் சொல்லுங்கள். 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரேதப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வரும் டாக்டர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். அந்த வார்டில் 1846-இல் நூற்றுக்குப் பதினோரு தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 1848-இல் அது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைக்குள் வந்தது. அப்போதும் சக டாக்டர்கள் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை, "எங்கள் கை அழுக்கா?" என்ற கோபம்தான் காரணம். இன்றைக்கும் அந்தக் கோபம் எங்காவது எட்டிப் பார்க்கும். நோயாளியின் உடம்பைவிட அது பெரிதல்ல.

குற்றம் சொல்லும் தொனி வேண்டாம். "டாக்டர், கை கழுவிட்டீங்களா? அம்மாவுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி, அதான் கேட்கிறேன்" என்றால் போதும். உங்களுக்கும் இதே விதிதான். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் சானிடைசர் போதாது. சில கிருமிகளின் விதைகள் அதில் சாவதில்லை, சோப்புப் போட்டே கழுவுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் பாசம் காட்ட நேரில் வர வேண்டாம், போனில் பேசட்டும்.

டிரிப்ஸ் தீர்ந்து ட்யூப்ல ரத்தம் ஏறுது! காத்து உள்ளே போனா உயிருக்கே ஆபத்தா?

நடு இரவில் வராந்தாவில் ஓடிவரும் காலடிச் சத்தத்தில் பாதி இதற்காகத்தான். மேலே தொங்கும் பாட்டில் காலியானதும் ட்யூபில் நீர்மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஓர் உயரத்தில் தானாக நின்றுவிடும். ரத்தக்குழாயின் அழுத்தம் அதற்குக் கீழே போக விடாது. அதே அழுத்தம்தான் கொஞ்சம் ரத்தத்தைப் பின்னோக்கி ட்யூபுக்குள் தள்ளுகிறது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ரத்தம் வீணாகிப் போய்விடாது. கையில் போட்ட ஊசி வழியாக ஒன்றிரண்டு சிறு குமிழி போவதாலும் ஆபத்தில்லை. கழுத்தில் போட்ட பெரிய குழாய் விஷயம் வேறு. அதன் மூடி கழன்றாலோ இணைப்பு விட்டுப்போனாலோ உடனே கூப்பிட வேண்டும்.

பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே பெல்லை அழுத்துங்கள். சக்கரத்தை உருட்டி வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். அந்தப் பாட்டிலில் பொட்டாசியம் கலந்திருந்தால் வேகமாகப் போவது இதயத் துடிப்பையே குலைக்கும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு வெறும் நீர் வேகமாக ஏறினாலும் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். உங்களால் செய்யக்கூடியது, ஊசி போட்ட இடத்தைப் பார்ப்பது. சிவப்பு, வீக்கம், எரிச்சல், பிளாஸ்டருக்கு அடியில் ஈரம் எதைப் பார்த்தாலும் சொல்லுங்கள். ஊசியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கக்கூடாதா?

மயக்க மருந்து கொடுத்ததும் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவாக, திட உணவும் பாலும் 6 மணி நேரம் முன்பும், தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்பும் நிறுத்தினால் போதும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம். பால் திரவமாக இருந்தாலும் வயிற்றுக்குள் போய்த் திரிந்து உணவைப் போலத்தான் நிற்கும், "பால்தானே" என்று கொடுத்துவிடாதீர்கள். உங்கள் நோயாளிக்குச் சொல்லப்பட்ட நேரம் வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மறந்துபோய் ஏதாவது சாப்பிட்டுவிட்டால் மறைக்கவே மறைக்காதீர்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இன்னொன்று, காலையில் என்று சொன்ன ஆபரேஷன் மாலைக்குத் தள்ளிப்போனால் நோயாளி நாள் முழுக்க நா வறண்டு கிடக்க வேண்டிய அவசியமில்லை. "இப்போ தண்ணி கொடுக்கலாமா, எத்தனை மணிவரைக்கும்?" என்று போய்க் கேளுங்கள்.

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே நடக்கச் சொல்றாங்க. தையல் பிரிஞ்சிடாதா?

டாக்டர் நடக்கச் சொன்னால் தையல் தாங்கும் என்று தெரிந்துதான் சொல்கிறார். அசையாமல் படுத்திருந்தால் காலில் ரத்தம் உறையும், நுரையீரலின் அடியில் சளி கட்டும், குடல் சோம்பிவிடும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி குறையும்.

முதல் முறை எழுவது நர்ஸோ பிசியோதெரபிஸ்ட்டோ பக்கத்தில் இருக்கும்போதுதான். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஒன்றிரண்டு நிமிஷம் உட்காரட்டும், தலை சுற்றவில்லை என்றால் நிற்கட்டும், பிறகு நடை. வார்டில் விழுபவர்கள் பலர் ராத்திரி யாரையும் எழுப்பக் கூச்சப்பட்டுத் தனியாகக் கழிப்பறைக்குப் போனவர்கள். "என்னை எழுப்பாம இறங்கக்கூடாது" என்று அழுத்திச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் தேய்த்துவிடவே கூடாது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். கால்வலியோடு திடீரென மூச்சு வாங்கினால் அது அவசரம்.

படுத்த படுக்கையா இருக்கிற அம்மாவுக்குப் புண் வராம எப்படிப் பார்த்துக்கிறது?

உங்கள் கையால் நோயாளிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இதுதான் என்பேன். படுக்கைப் புண் ஒரே ராத்திரியில் தொடங்கிவிடும், ஆற மாதங்கள் ஆகும். எலும்பு மேடாக இருக்கும் இடங்களில்தான் வரும்: முதுகின் அடி, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், பின்னந்தலை, ஆக்சிஜன் ட்யூப் உரசும் காது மடல். தினமும் உடம்பு துடைக்கும்போது இந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப்போய் மறுபடி சிவந்தால் நேரம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது, அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ நிறம் மாறியோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வையுங்கள். மேலே நகர்த்தும்போது கையைப் பிடித்து இழுத்தால் தோல் உரியும். கீழே விரித்த துணியோடு இரண்டு பேராகத் தூக்குங்கள். விரிப்பில் சுருக்கமும் ஈரமும் இருக்கக்கூடாது. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றியுள்ள இடத்தின் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

காற்று மெத்தை இருந்தால் திருப்ப வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதிகம். மெத்தை இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை என்பதை நர்ஸ் சொல்வார். மூக்கு ட்யூபில் உணவு போகிறவர்களுக்குத் தலைப்பக்கம் உயர்த்தியே இருக்க வேண்டும்; அப்படி இருந்தால் உடம்பு கீழே சறுக்கி முதுகடியில் உரசும். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று நர்ஸை ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

யூரின் பேக்கை எங்கே மாட்டணும்?

எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல். ஸ்ட்ரெச்சரில் போகும்போது நோயாளியின் வயிற்று மேல் வைத்தால் பழைய சிறுநீர் திரும்ப உள்ளே போய்க் கிருமி ஏறும். ட்யூப் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பை நிரம்பி வழியும்வரை விடாதீர்கள். கொட்டுவதற்கு முன் அளவைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். பல மணி நேரமாக அளவு ஏறவே இல்லை என்றால் சொல்லுங்கள். "இந்த ட்யூப் இன்னும் தேவையா?" என்று தினம் ஒரு முறை கேட்பதும் நல்லது. ஒவ்வொரு நாளும் அது இருக்க இருக்கத் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது.

ராத்திரி ஆனா அப்பா சம்பந்தமே இல்லாம பேசுறார். புத்தி பேதலிச்சுப் போச்சா?

பெரும்பாலும் இல்லை. வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகோ கடும் காய்ச்சலிலோ திடீரென வரும் மனக்குழப்பம் இது. பகலில் தெளிவாக இருப்பார், இருட்டியதும் மாறிவிடுவார். சிலர் கத்துவார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் மந்தமாகக் கிடப்பார்கள். "நல்லா தூங்குறார்" என்று விட்டுவிடுவதால் இந்த இரண்டாவது வகை கவனிக்கப்படாமல் போகிறது.

எங்கள் வார்டில் ஒரு பெரியவர், இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு மறுநாள் இரவு போர்வையைக் கிள்ளிக் கிள்ளி "எறும்பு, எறும்பு" என்று உதறிக்கொண்டே இருந்தார். மகள் "எறும்பே இல்லப்பா" என்று வாதாடி அழுதுகொண்டிருந்தாள். அவருடைய கண்ணாடி பைக்குள் இருந்தது. அதை மாட்டி, விளக்கைப் போட்டு, அவர் கையை மகளின் கைக்குள் கொடுத்து, "அப்பா, நான்தான். இது ஆஸ்பத்திரி. மணி ரெண்டு. காலையில டாக்டர் வருவார்" என்று மெதுவாகச் சொல்லச் சொன்னோம். அடிவயிற்றைத் தொட்டால் கல்லாக இருந்தது; மணிக்கணக்கில் சிறுநீர் பிரியவில்லை, அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை வெளியேற்றிய பிறகுதான் தூங்கினார்.

இதில் எல்லாமே இருக்கிறது. திடீர்க் குழப்பம் என்றால் உள்ளே ஏதோ காரணம் இருக்கும்: தொற்று, சர்க்கரை இறங்குதல், ஆக்சிஜன் குறைவு, மலச்சிக்கல், அடங்காத வலி, புது மருந்து. உடனே தெரிவியுங்கள், "வழக்கமா இப்படிப் பேச மாட்டார்" என்பதையும் சொல்லுங்கள், அது எங்களுக்குத் தெரியாது. உங்கள் பங்கு, கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டுவிடுவது, பகலில் திரையை விலக்கி வெளிச்சம் விடுவது, வாதாடாமல் இருப்பது.

ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வெச்சா சீக்கிரம் சரியாகுமில்ல?

தொடாதீர்கள். ஆக்சிஜனும் மருந்துதான், அதற்கும் அளவு உண்டு. பெரும்பாலானவர்களுக்கு 94 முதல் 98 சதவீதம் இலக்கு. பல வருஷம் புகைத்து நுரையீரல் கெட்டவர்களுக்கு 88 முதல் 92 என்று வேண்டுமென்றே குறைத்து வைப்பார்கள். அவர்களுக்குக் கூட்டினால் கரியமில வாயு தேங்கி மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார்கள்.

விரலில் மாட்டும் கருவி திடீரென 80 என்று காட்டினால் முதலில் நோயாளியைப் பாருங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் விரல் சில்லிட்டிருக்கலாம், நகப் பூச்சு இருக்கலாம், கருவி நழுவியிருக்கலாம். மூச்சு வாங்கினாலோ உதடு நீலமாகத் தெரிந்தாலோ யோசிக்காமல் கூப்பிடுங்கள்.

ஐசியூவுக்குள்ள எங்களை ஏன் விடுறதே இல்ல? கையை வேற கட்டி வெச்சிருக்காங்க, பார்க்கவே முடியலை.

தொற்று, நெருக்கடியான இடம், இடைவிடாத வேலை இதெல்லாம் காரணம். ஆனால் குடும்பத்தை முற்றிலும் வெளியே நிறுத்துவது நல்ல ஐசியூவின் அடையாளம் என்று நான் நினைக்கவில்லை. பார்க்க விடும் நேரம் குறைவாக இருந்தால், தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் டாக்டர் குடும்பத்தோடு பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். உங்கள் பக்கமும் ஒருவரைப் பேச்சாளராக வையுங்கள். ஐந்து பேர் தனித்தனியாக விசாரித்தால் ஐந்து விதமாகப் புரிந்துகொண்டு வீட்டில் சண்டைதான் வரும்.

கை கட்டுவது, சுவாசக் குழாயை அவர் மயக்கத்தில் பிடுங்கிவிடாமல் இருக்க. அது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். "இன்னும் தேவையா? நான் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா கழற்றலாமா?" என்று கேட்பது உங்கள் உரிமை. உள்ளே போனதும் பேசுங்கள். கண் மூடியிருந்தாலும் காதில் விழலாம் என்று நினைத்தே பேசுங்கள்.

டாக்டர் ரெண்டே நிமிஷம் நின்னுட்டுப் போயிடுறார். எதைக் கேட்கிறது?

முந்தின இரவே நோட்டில் மூன்று கேள்வி எழுதி வையுங்கள், முக்கியமானது முதலில். என்ன வியாதி என்று நினைக்கிறீர்கள்? இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம்? எதைப் பார்த்தால் நாங்கள் உங்களைக் கூப்பிட வேண்டும்? பதிலைக் கேட்டதும் "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன் டாக்டர், சரியான்னு பாருங்க" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆபரேஷனுக்கு ஒப்புதல் கையெழுத்து கேட்டால் இன்னும் நான்கு: இதனால் என்ன நன்மை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும்? அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் யோசிக்க நேரம் கேட்கலாம்.

வேற டாக்டர்கிட்டயும் கேட்கணும்னு தோணுது. இவங்க கோவிச்சுப்பாங்களா?

நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார், பலர் அவர்களே பெயர் சொல்லி அனுப்புவார்கள். ரிப்போர்ட், ஸ்கேன் பிரதிகளை வாங்கிக்கொண்டு போங்கள். போவதை மறைத்து, இரண்டு பேர் கொடுத்த மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதுதான் ஆபத்து.

எல்லாம் நார்மல்னு சொல்றாங்க. ஆனா எனக்கு என்னமோ சரியில்லைன்னு படுது. எப்படிச் சொல்றது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பலர் சரியாகத்தான் இருந்தார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உடல்நிலை மோசமாகும்போது முதலில் மாறும் அறிகுறிகளில் ஒன்று மூச்சின் எண்ணிக்கை. நோயாளிக்குத் தெரியாமல் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வழக்கம். 25 அல்லது அதற்கு மேல் என்றால் தள்ளிப்போடக் கூடாது. கை கால் சில்லிட்டு வேர்ப்பது, எழுப்பினால் சரியாக விழிக்காமல் இருப்பது, சிறுநீர் நின்றுபோவது, மேலே சொன்ன திடீர்க் குழப்பம் இவையும் அப்படித்தான்.

"ஒரு மாதிரி இருக்கார்" என்றால் கேட்பவருக்குப் பிடி கிடைக்காது. "காலையில நல்லா பேசினார். நாலு மணியிலிருந்து மூச்சு வேகமா இருக்கு, எண்ணிப் பார்த்தேன், 28. சாயந்திரம் யூரின் போகவே இல்ல. இப்பவே வந்து பார்க்கணும்" என்று சொல்லுங்கள். முன்பு எப்படி, இப்போது எப்படி, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நர்ஸ் வரவில்லை என்றால் வார்டு பொறுப்பு நர்ஸ், அடுத்து டூட்டி டாக்டர், அதற்கும் மேலே ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இரவுப் பொறுப்பில் இருப்பவர். இந்தப் படிகளை அட்மிட் ஆன அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2013 முதல் "ரையன் விதி" என்று ஒன்று இருக்கிறது. குடும்பத்தார் சொல்வதைக் கேட்கவில்லை என்றால் வேறொரு டாக்டரோ நர்ஸோ வந்து மறுபரிசோதனை செய்யும்படி அவர்களே கேட்டுப் பெறலாம். இங்கிலாந்தில் 2024 முதல் "மார்த்தா விதி" என்ற பெயரில் இப்படி ஓர் ஏற்பாடு பல ஆஸ்பத்திரிகளில் வந்திருக்கிறது. இரண்டுமே பெற்றோர் சொன்னதைக் கேட்காமல் விட்டதில் உயிரிழந்த பிள்ளைகளின் பெயரால் அமைந்தவை. உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும், அதையே கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நானே விழுந்துடுவேன் போலிருக்கு. ஆனா விட்டுட்டுப் போக மனசு வரலை.

தூக்கமில்லாதவர் கவனிக்கத் தவறுவார். முறை வைத்து மாறுங்கள், மாறும்போது நோட்டையும் கைமாற்றுங்கள். மாற ஆளே இல்லை என்றால் நர்ஸிடம் சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் தூங்குங்கள்.

டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டாங்க. என்னென்ன கேட்டுட்டு வரணும்?

முதல் கேள்வியில் சொன்ன மாத்திரைப் பையை மறுபடி எடுங்கள். நர்ஸையோ டாக்டரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாகப் பிரியுங்கள்: தொடர வேண்டியது, நிறுத்த வேண்டியது, புதிதாக வந்தது. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்து, வீட்டுக்குப் போய் இரண்டையும் சாப்பிட்டு மறுபடி அட்மிட் ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் வராத பரிசோதனை முடிவு ஏதாவது இருக்கிறதா, யார் சொல்வார்கள்? எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும், ராத்திரி என்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது? இந்த இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டு மாற்றுவது, இன்சுலின் போடுவது, ட்யூபில் உணவு கொடுப்பது எதுவானாலும் கிளம்புவதற்கு முன் நர்ஸ் பார்க்க உங்கள் கையாலேயே ஒரு முறை செய்து பாருங்கள்.

தப்பு நடந்திருக்குன்னு சந்தேகப்படுறேன். புகார் சொன்னா நோயாளியைச் சரியா பார்க்காம விட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், குறை கேட்கும் மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் அதோடுதான் வந்தார்கள். நோயாளி இன்னும் உள்ளே இருந்தால் முதலில் கேட்க வேண்டியது "இப்போ அவருக்கு என்ன செய்றீங்க?" என்பதை. பிறகு "என்ன நடந்தது?" கடைசியில் "அடுத்தவருக்கு இப்படி நடக்காம இருக்க என்ன செய்யப் போறீங்க?" இந்த வரிசையில் கேட்டால் பேச்சு சண்டையாகாமல் நகரும்.

எழுத்தில் கொடுங்கள், தேதி, நேரம், இடம், பார்த்தது, யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்று. இரண்டாம் கேள்வியின் நோட்டு இங்கே சாட்சியாகிவிடும். "அலட்சியம்" என்று எழுதுவதைவிட "இரவு 11.20-க்கும் 11.50-க்கும் பெல் அடித்தோம், 12.35-க்கு வந்தார்கள்" என்று எழுதினால் யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, பதில் எப்போது வரும் என்று கேளுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்ட நர்ஸின் பெயரையும் இதே போல எழுதிக் கொடுங்கள், எது சரியாக நடக்கிறது என்பதும் நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டும்.

நாங்க நாலு பேர் சொல்றதால ஆஸ்பத்திரி மாறிடுமா?

மாறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஆபரேஷன் அறைக்கு 19 அம்சப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன், துணிகளும் ஊசிகளும் எண்ணியாயிற்றா என்ற மாதிரி எளிய கேள்விகளை எல்லாரும் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். எட்டு நகரங்களின் எட்டு ஆஸ்பத்திரிகளில் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐசியூக்களில் பெரிய ரத்தக்குழாய் ட்யூப் போடும்போது ஐந்து படிகளை விடாமல் செய்தார்கள். டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்கு இருந்தது. தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது. புது மருந்தோ இயந்திரமோ இதற்குத் தேவைப்படவில்லை. கீழே இருப்பவர் வாய் திறக்கலாம், மேலே இருப்பவர் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

ஆள் பற்றாக்குறையையும் சொல்லியாக வேண்டும். 2002-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது, ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் காட்டியது. நர்ஸ் தாமதமாக வந்தால் புகாரில் "இந்த வார்டில் இரவு எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ்?" என்ற கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். தனி ஆளின் மேல் கோபப்படுவதைவிட அது பலன் தரும், நர்ஸுகளும் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

நிர்வாகத்திடம் கேட்கக்கூடிய, செலவில்லாத சில மாற்றங்கள் உண்டு. கட்டிலுக்கு மேல் ஒரு பலகையில் இன்றைய நர்ஸ், டாக்டர் பெயரும் இன்று செய்யப்போவதும் எழுதலாம். டூட்டி ஒப்படைப்பைக் கட்டிலருகில், நோயாளியும் குடும்பமும் கேட்க நடத்தலாம். டிஸ்சார்ஜை முந்தின நாளே சொல்லலாம். ரவுண்ட்ஸ் நேரத்தைச் சுவரில் ஒட்டலாம். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே வார்டில் ஒரு மாதம் செய்து பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பக்கத்துக் கட்டில்காரர்களும் கையெழுத்துப் போடட்டும்.